ஜன்னலில் நின்ற பூண்டு பாட்டில்கள்

அவளுக்குச் சைரன் என்று பெயர் வைத்தது அவளுடைய அண்ணிதான். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள் என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி அவள் தொண்டை. மாடியில் அவள் போனில் பேசினால் கீழே அடுப்பில் இருக்கிற பால் பயந்து பொங்கிவிடுகிறது என்று அண்ணி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது. எதிர்க்கடை டெய்லர் கூப்பிட்டார், ஆஸ்பத்திரி வாசல் காவலாளி கூப்பிட்டார், கடைசியில் பெரிய டாக்டரே ஒருநாள் வாய் தவறி "சைரனம்மா" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பரவாயில்ல டாக்டர்," என்றாள் அவள். "சைரன் சத்தம் கேட்டா எல்லாரும் ஒதுங்கி வழி விடறாங்க. என் சொந்தப் பேருக்கு ஒருத்தரும் விட்டதில்ல."

அது உண்மை. டிரைவர் வேலைக்குப் பேட்டிக்குப் போன அன்று, மேசையில் இருந்தவர் அவளுடைய தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "வண்டி ஓட்டறவர் எங்கம்மா?" என்று கேட்டார்.

"உங்க முன்னாடிதான் நிக்கறேன். கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுப் பாருங்க."

வேலை கிடைத்தது. கட்டியவன் "வண்டியா, நானா, ஒண்ணைச் சொல்லு" என்று கேட்டபோது, மூச்சு விடுகிற நேரம்கூட யோசிக்காமல் "வண்டி" என்றாள். கேட்டவன் முகம் போன போக்கை நினைத்தால் இன்றுவரை அவளுக்குச் சிரிப்பு வரும். ஒரே ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்து நின்றாள். அண்ணன் எதுவும் கேட்காமல் மாடி அறையைத் திறந்துவிட்டார். அண்ணிதான் நிபந்தனை போட்டாள். "இருக்கறதுன்னா இரு. ஆனா அந்த பூட்ஸோட படி இறங்காதே. தலைக்கு மேல குதிரை ஓடற மாதிரி இருக்கு." அவள் பூட்ஸோடுதான் இறங்கினாள். அண்ணி திட்டினாள். மறுநாளும் இறங்கினாள், மறுநாளும் திட்டினாள். இரண்டு பேருக்கும் அது காலை வணக்கம் மாதிரி ஆகிப்போனது.

அண்ணியிடம் அவள் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்ட விஷயம் ஒன்று உண்டு. பூண்டு. முழுப் பூண்டை உரித்து, எண்ணெயில் போட்டு, அடுப்பை இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குக் குறைத்து வைப்பாள் அண்ணி. பல் நிறம் மாறி, விரலால் தொட்டால் வெண்ணெயாய் நசுங்கும்போது இறக்கி, இரண்டு காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டு, ஒரு பாட்டிலில் நிரப்பி ஃப்ரிட்ஜில் வைப்பாள். ரொட்டியில் தடவித் தின்றால் தட்டையும் சேர்த்துத் தின்னத் தோன்றும். அந்த வீட்டில் அது இரண்டு நாள் தாண்டியதில்லை. டியூட்டி முடித்து வருகிற சைரனே முக்கால் பாட்டிலைக் காலி செய்துவிட்டு, மூடியைக் கழுவி வைத்து நல்ல பிள்ளையாக மாடி ஏறிவிடுவாள்.

எந்த பாட்டிலைத் திறந்தாலும் அண்ணிக்கு ஒரு பரீட்சை இருந்தது. ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு, நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு கணம் நிற்பாள். "நல்லா இருக்கு" என்றால் நல்லா இருக்கிறது. அவள் அம்மாவும் அப்படித்தான் பார்த்தாளாம். அந்த விரல் ஒருநாளும் பொய் சொன்னதில்லை என்று அண்ணன் கடை கடையாகப் பெருமை பேசுவார்.

சைரனும் ஒருகாலத்தில் அந்த விரலை நம்பினாள். ஒரு மத்தியானம் அந்த நம்பிக்கை போய்விட்டது.

அன்று ஒரு வீட்டிலிருந்து ஒரு ஆளை ஏற்றினாள். நாற்பது வயது இருக்கும். நாக்கு குழறியது. எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரிகிறது என்றார். இமை இரண்டும் பாதிக்கு மேல் எழும்பவில்லை. எச்சிலை விழுங்கத் தெரியாமல் திணறினார். ஆஸ்பத்திரி வாசலில் இருந்தவர்கள் ஒரே பார்வையில் முடிவு கட்டிவிட்டார்கள்: பட்டப்பகலிலேயே ஏற்றியிருக்கிறான். அவருடைய மனைவி அழுதுகொண்டே, "அவரு தொடவே மாட்டாருங்க, சத்தியமா தொடவே மாட்டாரு" என்று ஸ்ட்ரெச்சரோடு ஓடினாள். வண்டிக்குள் குடித்த வாசம் ஒரு துளியும் இல்லை என்று சைரன் கத்திய பிறகுதான் ஒரு டாக்டர் குனிந்து, என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்.

வீட்டில் பாட்டிலில் அடைத்து வைத்திருந்த பீன்ஸ். உப்புத் தண்ணீரில் போட்டு, கொதிக்கக் கொதிக்க மூடி, அலமாரியில் வைத்தது. கெட்ட வாசம் இல்லை, நுரை இல்லை, நிறம் மாறவில்லை. "நான் திங்கலைங்க," என்றாள் மனைவி. "ருசி பார்க்க ஒரு விரல் நக்கினேன், அவ்வளவுதான்."

அடுத்த நாள் அந்த அம்மாளுடைய இமையும் விழுந்தது. இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டு, இயந்திரம் வைத்து மூச்சு விட வைத்தார்கள். பேச முடியவில்லை, கண்ணைத் திறக்க முடியவில்லை, ஆனால் புத்தி மட்டும் சுத்தமாக இருந்தது. நர்ஸ் கையைப் பிடித்தால் அழுத்திக் காட்டினார்கள். பல வாரம் கழித்து இருவரும் பிழைத்து வீட்டுக்குப் போனார்கள். ஆனால் பக்கத்துப் பக்கத்தில் கிடந்த அந்த நான்கு மூடிய கண்களை சைரனால் மறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அவள் டாக்டர்களை நிம்மதியாக டீ குடிக்க விடவில்லை. கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். மண்ணில் இருக்கிற ஒரு கிருமி. பூண்டு, கேரட், பீன்ஸ் என்று மண்ணோடு பழகுகிற எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கும். சாதாரணமாகக் கொதிக்க வைத்தால் அதன் விதை சாகாது. காற்று இருக்கிற இடத்திலும் புளிப்பு இருக்கிற இடத்திலும் குளிர்ந்த இடத்திலும் சும்மா கிடக்கும். காற்றே புகாமல், புளிப்பே இல்லாமல், வெதுவெதுப்பாக ஓர் இடம் கிடைத்தால் முளைத்து விஷம் கக்கும். அந்த விஷத்துக்கு வாசமும் கிடையாது, ருசியும் கிடையாது.

அன்று முதல் மாடி அறையில் அவளும் பாட்டில் போட ஆரம்பித்தாள். தக்காளி என்றால் ஒவ்வொரு பாட்டிலுக்கும் எலுமிச்சைச் சாறு அளந்து ஊற்றுவாள். வெள்ளரி, வெங்காயம் என்றால் வினிகரைத் தண்ணீர் விட்டு ஏமாற்றாமல் ஊற்றுவாள். பிறகு பாட்டிலைப் பெரிய பாத்திரத்தில் முங்க வைத்துக் கொதிக்க விடுவாள். பீன்ஸ் பக்கமே போகமாட்டாள். அதை அடைக்கத் தனி பிரஷர் பாத்திரம் வேண்டும், தன்னிடம் அது இல்லை, அதனால் போடுவதில்லை என்பாள். அண்ணி ஒருமுறை அந்த வெங்காயத்தை வாயில் வைத்துவிட்டு, "இதைத் தின்னா பல்லு கூசி அடுத்த வீட்டுக்கு ஓடிடும்" என்றாள்.

"பல்லுதானே ஓடும். உயிர் இருக்கும்ல?"

"ஆரம்பிச்சுட்டா! ஊளை ஆரம்பிச்சுட்டா!"

இப்படி இருக்கும்போதுதான் அண்ணன் வேலையை விட்டுவிட்டு, வீட்டின் முன்னறையைச் சாப்பாட்டுக் கடையாக மாற்றப் போகிறேன் என்றார். சூப், ரொட்டி, முட்டை, அண்ணி கைப்பூண்டு. வாழ்நாளெல்லாம் அடுத்தவன் கல்லாவில் உட்கார்ந்தவர். பலகைக்குப் பச்சையா நீலமா என்பதைப் பற்றியே ஒரு மாதம் பேசினார். சைரன் அந்தச் சமயத்தில் மலைப்பக்கத்து ஆஸ்பத்திரியில் ஆள் இல்லை என்று சில வாரம் அனுப்பப்பட்டிருந்தாள். திரும்பி வந்தது கடை திறப்புக்கு முந்தின நாள் சாயங்காலம்.

தெருவில் இருந்து பார்த்தபோதே நின்றுவிட்டாள். முன்னறை ஜன்னலில் கண்ணாடி அலமாரி. அலமாரி முழுக்க, மேலிருந்து கீழ் வரை, பூண்டு பாட்டில்கள். சாயங்கால வெயில் எண்ணெய்க்குள் புகுந்து பாட்டிலெல்லாம் விளக்கு ஏற்றியதுபோல் எரிந்தது. நடுநடுவே மிளகாய் சிவந்து மிதந்தது. ஒரு கணம் அவளுக்கே பெருமையாக இருந்தது. எங்கள் அண்ணி!

பிறகு உள்ளே போய் ஒரு பாட்டிலைத் தொட்டாள். பாட்டில் சூடாக இருந்தது.

"அண்ணி, இது எப்ப போட்டது?"

"நீ போனதும் ஆரம்பிச்சேன். எப்படி இருக்கு? தெருவே நின்னு பார்க்குது."

"அப்பலேர்ந்து இங்கயா இருக்கு? ஃப்ரிட்ஜ்ல வைக்கலையா?"

"ஃப்ரிட்ஜ்ல உங்க அண்ணன் சோடாவை அடுக்கிட்டாரு. அதுவும் இல்லாம உள்ள வச்சா யாருக்குத் தெரியும்? கவலைப்படாதே, ஏனோதானோன்னு வைக்கல. கொதிக்கக் கொதிக்க ஊத்தி, மூடி போட்டு, தலைகீழாக் கவுத்து வச்சேன். ஆறினதும் மூடி டக்குனு உள்ள அமுங்கிச்சு. ஒரு எறும்பு மூச்சுகூட உள்ள போகாது."

"அதுதான் அண்ணி பிரச்சினையே. காத்து போகாத இடம்தான் அதுக்கு வேணும். புளிப்பு இல்ல, குளிர் இல்ல, வெயில் வேற. நீங்க அதுக்கு வீடு கட்டி, கதவைச் சாத்தி, குளிர் காயவும் வச்சிருக்கீங்க."

அண்ணியின் முகம் மாறியது. "நான் கல்யாணம் ஆகி வந்ததுலேர்ந்து போடறேன். நீயே எத்தனை பாட்டில் முழுங்கியிருக்கே. செத்தா போனே?"

"அது ஃப்ரிட்ஜ்ல இருந்தது. ரெண்டு நாள்ல தீர்ந்தது. இது வேற, அண்ணி. பொருள் அதேதான். வச்ச இடம் வேற."

அண்ணன் வண்ணம் அடித்த கையோடு உள்ளிருந்து வந்தார். முழுவதையும் கேட்டார். ஒரு வழி சொன்னார்: எடுத்துக் கொடுக்கும்போது கொதிக்க வைத்துக் கொடுத்தால்?

"கொதிச்சா விஷம் போகும்தான். ஆனா ரொட்டியில தடவற பூண்டை யாரு கொதிக்க வைப்பா? அப்படியே வச்சாலும், அதுக்கு முன்னாடி அண்ணி விரலை விடுவாங்களே, அந்த விரலை யாரு கொதிக்க வைப்பா?"

"நாளைக்கு ஒரு நாள்," என்றார் அண்ணன். அவர் குரலில் கெஞ்சலும் இருந்தது, கோபமும் இருந்தது. "நாளைக்கு ஒரு நாள் உன் வாயை மூடிக்கிட்டு இரு. என் முதல் கடை. அந்த அலமாரிதான் கடைக்கு முகமே. அதுல கை வச்சேன்னா, மேல இருக்கற உன் பெட்டியைத் தூக்கிக்கிட்டு நீ கிளம்ப வேண்டியதுதான்."

சைரன் மாடிக்குப் போனாள். அந்த அறையைச் சுற்றிப் பார்த்தாள். உலகத்தில் அவள் சாவி போட்டுத் திறக்கிற ஒரே வீட்டுக் கதவு அது. இந்த வீட்டை விட்டால் அவளைத் திட்டுவதற்குக்கூட ஆள் கிடையாது. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் இருந்து இழுத்தாள். துணிகளை மடித்து வைத்தாள்.

காலையில் பூட்ஸோடு இறங்கினாள். அண்ணி திட்டவில்லை.

முன்னறையில் மேசைகளுக்குப் புது விரிப்பு. அடுப்பில் சூப். தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். எதிர்க்கடை டெய்லர் கழுத்தில் அளவு நாடாவோடு முதல் ஆளாக வாசலில் நின்று, "கதவைத் திறங்கப்பா, வயிறு கடைக்கு முன்னாடியே திறந்துடுச்சு" என்று கத்திக்கொண்டிருந்தார். அண்ணி மேசையில் ரொட்டித் துண்டுகளைப் பரப்பி, அலமாரியில் இருந்து முதல் பாட்டிலை எடுத்தாள்.

"அண்ணி, வேணாம்."

"நீ சும்மா இரு. உனக்குப் புரியற மாதிரி இப்பவே காட்டறேன்." மூடி திறந்தது. வாசம் அறையை நிறைத்தது. அற்புதமான வாசம், பசி இல்லாதவனையும் உட்கார வைக்கிற வாசம். "இதுல என்ன கெட்டுப்போச்சு? சொல்லு!" அண்ணி ஆள்காட்டி விரலை உள்ளே விட்டாள். எண்ணெய் சொட்டச் சொட்ட அதை வாய்க்குக் கொண்டுபோனாள்.

சைரன் அந்த மணிக்கட்டைப் பிடித்தாள்.

ஸ்ட்ரெச்சர் தூக்கிப் பழகிய கை. அண்ணி இழுத்தாள், திமிறினாள், விரல் உதட்டுக்கு ஒரு அங்குலத்தில் நின்று நடுங்கியது. "விடுடி! என் கையைப் பிடிக்க நீ யாருடி?"

"விட மாட்டேன். என்னைத் திட்டுங்க, அடிங்க, கடிங்க. விட மாட்டேன். கண்ணு மூடிக் கட்டில்ல கிடக்கற உங்களை நான் பார்க்க மாட்டேன்."

அப்படியே தரதரவென்று குழாயடிக்கு இழுத்துப்போய், சோப்பு போட்டு, பிள்ளைக்குக் கை கழுவி விடுவதுபோல் ஒவ்வொரு விரலாகத் தேய்த்துக் கழுவினாள். அண்ணி அழவில்லை. வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். வாழாவெட்டி என்றாள். சோறு போட்ட கையை முறிக்க வந்தவள் என்றாள். சைரன் நகத்துக்கு அடியிலும் தேய்த்தாள்.

அண்ணன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். "பெட்டியை எடு."

"எடுத்து வச்சாச்சு, அண்ணா. பாட்டிலையும் சேர்த்து எடுத்துக்கிட்டுப் போறேன்."

"ஒரு பாட்டில் தொட முடியாது."

"தொடுவேன். நீ தடுத்தா இப்படியே தெரு நடுவுல போய் நின்னு, அந்தப் பூண்டுல என்ன இருக்குன்னு சொல்வேன். மைக் வேணாம். என் குரல் உனக்குத் தெரியும்."

அண்ணன் தெருவைப் பார்த்தார். டெய்லரைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். சின்ன வயதில் பக்கத்துத் தெரு நாயிடம் இருந்து அவரைக் காப்பாற்றியதும் இதே தொண்டைதான். அவர் ஒதுங்கினார்.

திறந்த பாட்டிலை முதலில் மூடினாள். கையுறை போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் தடித்த பைகளில், பைக்குள் பை போட்டு, வாயைக் கட்டினாள். ஒரு பாட்டிலைக்கூட உடைக்கவில்லை, சாக்கடையில் ஊற்றவில்லை. பூனையோ நாயோ நக்கிவிடக்கூடாது. மேசையையும் மூடி பட்ட இடத்தையும் ப்ளீச்சிங் தண்ணீர் விட்டுத் துடைத்தாள். பைகளை ஆஸ்பத்திரிக் கழிவோடு சேர்க்கத் தன் பழைய வேனில் ஏற்றியபோது டெய்லர் கழுத்து நாடாவைச் சரிசெய்துகொண்டு கேட்டார்:

"என்ன சைரனு, எல்லாரும் கடையைத் திறந்துட்டு அப்புறம் காலி பண்ணுவாங்க. நீங்க முன்னாடியே காலி பண்றீங்க?"

"உள்ள போய் சூப் குடிங்க டெய்லர் அண்ணா. சூப் நல்லா இருக்கும்."

சூப் நன்றாகத்தான் இருந்ததாம். ரொட்டியும் தீர்ந்ததாம். ஜன்னல் அலமாரி காலியாக நின்றது. யாரோ ஏன் காலி என்று கேட்டதற்கு, கண்ணாடி நல்லா இருக்குன்னு வச்சிருக்கோம் என்று அண்ணன் சொன்னாராம்.

சைரன் ஆம்புலன்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த டிரைவர் அறையில் குடியேறினாள். அறை முழுக்க டீசல் வாசம். ஆனாலும் தூங்கினாள். பேச்சு தெருத்தெருவாகப் போயிற்று. சொந்த அண்ணன் கடையைத் திறப்பு நாளிலேயே அமுக்கப் பார்த்தவள் என்றார்கள். பொறாமை என்றார்கள். வாசல் காவலாளி நேராகவே கேட்டார்: "ஏம்மா, அந்தப் பூண்டைத் தின்னு யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"அப்புறம் என்ன?"

"அதான், ஒண்ணும் ஆகல."

அவர் சிரித்தார். அவளுக்கும் தெரியும், இதில் ஜெயிக்கவே முடியாது. அந்த பாட்டில்கள் எல்லாவற்றிலும் வெறும் பூண்டும் எண்ணெயும் மட்டுமே இருந்திருக்கலாம். இருந்திருக்கலாம் என்ன, அதற்கே வாய்ப்பு அதிகம் என்று பெரிய டாக்டரே சொன்னார். யாராவது படுத்திருந்தால் அவள் சொன்னது சரி என்று ஊரே ஒத்துக்கொண்டிருக்கும். ஒருவரும் படுக்காததால் அவள் பைத்தியக்காரி. சரி, பைத்தியக்காரியாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று வண்டியைக் கழுவினாள். நாளைக்கே இன்னொரு ஜன்னலில் பார்த்தாலும் அதையேதான் செய்வாள்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு மத்தியானம் அண்ணி ஷெட்டுக்கு வந்தாள். கையில் பை. வந்ததும் வராததுமாக மூக்கைப் பிடித்துக்கொண்டாள். "இது மனுஷங்க இருக்கற இடமா?"

"குதிரைங்க இருக்கற இடம். உக்காருங்க அண்ணி."

அண்ணி உட்காரவில்லை. பையில் இருந்து ஒரு பாட்டிலை எடுத்து வண்டியின் முன்பக்கத்தில் டங் என்று வைத்தாள். வெங்காயமும் வெள்ளரியும், வினிகரில். "இப்ப அலமாரியில இதுதான் நிக்குது. நாக்குல வைக்க முடியல, அவ்வளவு புளிப்பு."

"அப்ப சரியா இருக்கு."

"ஜனங்க வாங்கறாங்க. அவங்க நாக்குக்கு என்ன கேடோ." அண்ணி வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "ஒண்ணு சொல்லிடறேன். நீ சொன்னது சரின்னு நான் சொல்ல வரல."

"நான் கேக்கலையே."

"மாடி ரூம் சும்மாதான் கிடக்கு. தலைக்கு மேல சத்தமே இல்லாம எனக்கு வேலை ஓடல."

"அண்ணன் கூப்பிடச் சொன்னாரா?"

"அவர் உன்னைப் பத்திப் பேசணும்னா சுவத்தைப் பார்த்துப் பேசறாரு. நேத்து சுவத்துகிட்ட, பூட்ஸ் போடறவங்களுக்குக் கால் நனையாத இடம் வேணும்னாரு."

"சுவத்தை விட்டுட்டு என்கிட்ட வந்து சொல்லட்டும். அப்ப வரேன்."

"உனக்குக் கொழுப்பு கொஞ்சமாவது குறைஞ்சிருக்கும்னு நினைச்சேன்."

"குறையல அண்ணி."

அண்ணி பைக்குள் மறுபடி கைவிட்டு, துணியில் சுற்றிய இன்னொரு பாட்டிலை எடுத்தாள். சின்னது. பாட்டிலின் வெளிப்பக்கம் குளிரில் பனி பூத்திருந்தது. உள்ளே பொன்னிறத்தில் பூண்டு. கூடவே காகிதத்தில் மடித்த ரொட்டி.

சைரனுக்கு வாயில் எச்சில் ஊறியது. கை நீட்டியவள் நிறுத்தினாள்.

"எப்ப போட்டீங்க?"

அண்ணியின் கண் விரிந்தது. வீடு தேடி வந்து கொடுக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது! திட்ட வாயைத் திறந்தாள். அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "நேத்து."

"எங்க இருந்தது?"

"வேற எங்க? சோடாவையெல்லாம் வெளிய தள்ளிட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சேன். போதுமா? வக்கீல் வச்சு சாட்சி சொல்லணுமா?"

சைரன் ரொட்டியைப் பிய்த்தாள். வண்டிப் படியில் உட்கார்ந்து, பாட்டிலில் எதையும் மிச்சம் வைக்காமல் தின்றாள்.